பன்னிரண்டடிச் சந்து வரைபடத்தில் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பம், டுமிங்குப்பம், முள்ளிமா நகர், சீனிவாசபுரம் என்ற மீனவக் குப்பங்கள். அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டினால் ஊரூர் ஆல்காட் குப்பம், ஓடைக்குப்பம். இந்தக் கரையைப் பற்றிய பேச்சில் ‘காலி மணல்’, ‘ஆக்கிரமிப்பு’ என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி அடிபடுகின்றன. மணல் காலி என்றால் அங்கே எதையும் கட்டலாம். அதில் வலை விரித்திருப்பவர் ஆக்கிரமிப்பாளர் என்றால் அவரை எழுப்பிவிடலாம். இரண்டு சொல்லும் ஒரே காகிதத்திலிருந்து பிறக்கின்றன, அது கடலோர வரைபடம். கடலுக்குப் போகும் வழி சுவர் எழும்பிய அன்றுதான் பறிபோகிறது என்று நினைக்கிறோம். அதற்குப் பல வருடம் முன்பே, வரைபடத்தில் அந்த இடத்தை வெள்ளையாக விட்ட அன்றே அது போய்விடுகிறது. அந்த வெள்ளை இடத்தை யார், எப்படி நிரப்பலாம் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

வரலாறு கொஞ்சம் தேவைப்படுகிறது, ஏனென்றால் இந்த மணலுக்கே ஒரு வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் இங்கே ஒரு மணல் துண்டைப் பெற்றுக் குடியேறியபோது துறைமுகம் என்று ஒன்றும் கிடையாது. அதற்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை கட்டுமரமும் மசூலா படகும்தான். மசூலா ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைப் படகு. ஆணி அடித்த படகு இந்தக் கரையின் அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்துகொடுக்கும். நகரத்தின் வியாபாரம் முழுவதும் கரையோரக் குப்பத்து ஆட்களின் தோளில் ஏறி வந்த காலம் அது.

1870-களின் நடுவில் துறைமுக வேலை தொடங்கியது. நம் கரையில் மணல் ஓய்வதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடக்கே நகரும், வாடைக்காலத்தில் தெற்கே திரும்பும். வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் வடக்கே போக வேண்டிய மணல் தெற்கில் தேங்கியது. அப்படி அகன்றதுதான் இன்றைய மெரினா. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-ல் உலாவும் சாலை அமைத்து அந்தப் பெயரைச் சூட்டினார். அதே கற்சுவரால் ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணலுக்குப் பஞ்சம் வந்து, கடல் உள்ளே வந்தது. அங்கே இன்று கருங்கல் குவியலுக்கு இடையில் படகை ஏற்ற இடம் தேட வேண்டியிருக்கிறது. தெற்கே கிடைத்ததும் வடக்கே தொலைந்ததும் ஒரே மணல். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், ‘கடற்கரையில் நிரந்தரக் கட்டடம்’ என்று யாராவது சொல்லும்போது ஒரு கணம் தயங்கத் தோன்றும்.

அகன்ற மணல் கண்ணில் பட்டதிலிருந்து அதன் மேல் திட்டங்களும் வரத் தொடங்கின. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முயன்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2003-ல் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே உள்ள கரையில் மலேசிய ஒத்துழைப்போடு பெரிய கட்டுமானம் என்ற திட்டம் வந்து, எதிர்ப்பில் கைவிடப்பட்டது. பிறகு கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோரமாக உயர்மட்டச் சாலை என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. நடந்தது லூப் சாலை. குடியிருப்புக்கும் படகுகளுக்கும் நடுவே சாலை வந்தது, மீன் விற்ற இடம் சாலை ஓரமாயிற்று, போக்குவரத்து பெருகியதும் ‘சாலையில் மீன் கடை’ என்ற புகார் எழுந்தது. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கைத் தொடர்ந்து மாநகராட்சி கடைகளை அகற்ற, மீனவர்கள் மறியலில் இறங்கினார்கள். 2024 ஆகஸ்டில் 360 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி வேண்டியதுதான். ஆனால் இந்த வரிசையில் எது முதலில் வந்தது என்று மட்டும் பாருங்கள். கடை சாலைக்கு வரவில்லை, சாலைதான் கடை இருந்த இடத்துக்கு வந்தது. சாலை போடும் முன் அந்த மணலில் என்னென்ன நடக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

என்னென்ன நடக்கிறது? கண்ணாடி இழைப் படகு ஒன்று ஏறத்தாழ முப்பது அடி நீளம், அதாவது ஒன்பது மீட்டர். பக்கத்தில் ஆள் நின்று தள்ள இடம் விட்டால் ஒரு படகுக்கு மூன்றரை மீட்டர் அகலம் வேண்டும். நாற்பது படகு உள்ள ஒரு சின்னக் குப்பத்துக்கு 140 மீட்டர் கரை. படகுக்கு முன்னே இறக்கி ஏற்ற இடம், பின்னே வலை உதற, கிழிசல் பார்க்க, மீன் பிரிக்க இடம் என்று சேர்த்தால் ஆழத்தில் முப்பது மீட்டராவது தேவை. பெருக்கிப் பாருங்கள்: 4,200 சதுர மீட்டர், ஒரு ஏக்கருக்குச் சற்று மேல். காலை பத்து மணிக்கு மேல் வந்து பார்ப்பவருக்கு அதில் பாதி ‘காலி’. விடியற்காலை வந்தால் கால் வைக்க இடம் இருக்காது.

இந்த ஒரு ஏக்கரும் வருடம் முழுக்க ஒரே இடத்தில் இருப்பதில்லை. மாசி, பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும்போது படகு தண்ணீர் ஓரத்திலேயே நிற்கும். வடகிழக்குப் பருவத்தில் அலை மணலைச் செங்குத்தாக வெட்டித் திட்டாக்கிவிடும். அப்போது படகை வீட்டுப் பக்கம் ஏற்ற வேண்டும். பங்குனியில் கணக்கெடுக்க வந்தவர் பின்னால் இருக்கும் மணலைப் ‘பயன்பாடு இல்லாதது’ என்று எழுதிவிட்டுப் போனால், கார்த்திகையில் படகு நிற்க இடமில்லை. சீனிவாசபுரத்தில் வீடுகளே கடலில் சரிந்ததைப் பார்த்தோம். மணல் பின்வாங்க இடம் இருக்கும் வரை கரை தப்பிக்கும். பின்னால் சாலையோ சுவரோ இருந்தால், நடுவில் இருக்கும் மணல்தான் கரையும்.

கரைவலை இன்னொரு கதை. ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுப் படகு வலையை வளைத்து இறக்கிக்கொண்டே போய், நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி மறு நுனியைக் கரைக்குக் கொண்டுவரும். இரண்டு அணிகள் இரண்டு பக்கமும் இழுத்தபடி ஒருவரையொருவர் நோக்கி நகரும். நடுவே ஒரு வேலியோ, கடலுக்குள் நீளும் கல்வரிசையோ இருந்தால் அந்த வலை இழுப்பு அதோடு முடிந்தது. ஊரிலிருந்து கடலுக்கு இறங்கும் வழி மட்டும் போதாது, கடலோரமாக நீளவாக்கில் நடக்கும் வழியும் தடையில்லாமல் இருக்க வேண்டும். பூங்கா, நடைமேடை வரைபவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்த இரண்டாவதைத்தான்.

இனி வரைபடத்துக்கு வருவோம். கடலோரத்தில் எங்கே எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று சொல்லும் மத்திய அரசின் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை முதலில் 1991 பிப்ரவரி 19-ல் வந்தது. பிறகு 2011 ஜனவரியிலும் 2019 ஜனவரியிலும் புதிதாக எழுதப்பட்டது. 2011 அறிவிக்கை ஒரு நல்ல காரியம் செய்தது. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவ ஊர்கள் மட்டுமல்லாமல் மீனவர் சமுதாயத்தின் பொதுச் சொத்துகள், படகுத் துறைகள், ஐஸ் ஆலைகள், மீன் உலர்த்தும் இடங்கள் எல்லாம் குறிக்கப்பட வேண்டும் என்று சொன்னது. சட்டத்தில் இருக்கிறது, அப்படியானால் ஏன் வரைபடத்தில் வருவதில்லை? முக்கியக் காரணங்களில் ஒன்று அளவுகோல்.

மாநிலத் திட்ட வரைபடம் 1:25,000 அளவில் வரையப்படுகிறது. அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். குப்பத்துக் கோயிலிலிருந்து கடலுக்கு இறங்கும் பன்னிரண்டடிச் சந்து அந்தத் தாளில் 0.15 மில்லிமீட்டர். சாதாரணப் பேனாக் கோடே அதைவிடத் தடிமன். வரைபவர் மோசம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, நேர்மையாக வரைந்தாலும் சந்து மறைந்துவிடும். அதே அறிவிக்கை, உள்ளூர் அளவில் நில அளவை எண்களோடு ஏறத்தாழ 1:4,000 அளவில் இன்னொரு வரைபடம் வேண்டும் என்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் நான்கு மீட்டர். நம் சந்து கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டராகக் கண்ணுக்குத் தெரியும், 140 மீட்டர் படகுத் துறை மூன்றரை சென்டிமீட்டர் ஆகும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் 25,000 அளவுத் தாளைச் சுவரில் மாட்டி ‘ஆட்சேபம் சொல்லுங்கள்’ என்றால், முதல் ஆட்சேபம் அந்தத் தாளைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். நான்காயிரம் அளவுத் தாளை வையுங்கள், தமிழில் வையுங்கள் என்று கேட்டு, கேட்டதை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்ல வேண்டும்.

அடுத்து, ஹை டைட் லைன் என்று அதிகாரிகள் சொல்லும் உயர் ஓதக்கோடு. சென்னையில் ஓத ஏற்றத்தாழ்வு சுமார் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் சரிவு குறைந்த மணலில் அந்த ஒரு மீட்டர் கிடையாகப் பல மீட்டர் தள்ளிப் போகும், புயலுக்குப் பின் இன்னும் தள்ளும். கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள 500 மீட்டர், 200 மீட்டர், 50 மீட்டர் தூரங்கள் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. கோடு பத்து மீட்டர் கடல் பக்கம் தள்ளி வரையப்பட்டால், பத்து மீட்டர் கரை கட்டடத்துக்குக் கிடைத்துவிடும். வரைவு வரைபடம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோடு, எந்த ஆண்டு, எந்த மாத நிலையை வைத்துப் போடப்பட்டது என்பது.

சாலைக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. நகரப் பகுதியான இரண்டாம் வகை மண்டலத்தில் ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலப் பக்கம் கட்டடம் கட்டலாம். அப்படியென்றால் கடலை ஒட்டி ஒரு புதுச் சாலை போட்டுவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் மணலெல்லாம் மனை ஆகிவிடுமே என்று தோன்றும். அந்தக் குறுக்கு வழியை 2011 அறிவிக்கையே அடைத்திருக்கிறது: பழைய சாலைக்குக் கடல் பக்கம் புதிதாகப் போட்ட சாலையைக் காட்டி அதன் நிலப் பக்கம் கட்ட அனுமதி தரக்கூடாது. அதனால் ஒரு சாலை எந்த வருடம் வந்தது என்பதற்கு ஆதாரம் வைத்திருப்பது பெரிய ஆயுதம். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டு ஆண்டாகத் தள்ளிப் பார்க்கலாம். தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்வது அரை மணி நேர வேலை.

விடுதிகள் விஷயத்திலும் எழுதப்பட்ட விதி உண்டு. இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு இடையே குறைந்தது 20 மீட்டர் அகல இடைவெளி பொதுமக்கள் கடலுக்குப் போக விடப்பட வேண்டும், அந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் அமைய வேண்டும். தனியார் நிலத்துக்கு வேலி போட்டாலும் அது கடற்கரைக்குப் போகும் வழியை எவ்விதத்திலும் தடுக்கக்கூடாது. 20 மீட்டர் என்றால் அறுபத்தைந்து அடி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கத்திலிருந்து தெற்கே போகும்போது அந்த அகலத்தில் எத்தனை வழி கண்ணில் படுகிறது என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அந்தப் பக்கத்து மனைப்பிரிவுகளில் வழி அடைபடும் விதம் வேறு. அங்கே தெரு முனையில் ஒரு இரும்புக் கேட் முளைக்கும். முதலில் இரவில் மட்டும் பூட்டு, காரணம் பாதுகாப்பு. பிறகு காவலாளி, பிறகு ‘குடியிருப்போருக்கு மட்டும்’ என்று பலகை. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்கப்பட்டவை, குடியிருப்போர் சங்கத்துக்கு அவற்றில் பூட்டுப் போட உரிமை கிடையாது. அங்கீகார எண்ணைச் சொல்லி மனைப்பிரிவு வரைபட நகலையும் தானப் பத்திர நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினால், தெரு மணல் வரை போகிறதா, கடைசி மனையோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். மணல் வரை போகிறது என்றால் கேட்டை அகற்றச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் போதும். கடைசி மனையோடு நின்றால் விஷயம் கடினம். அப்போது பழைய பத்திரங்களைத் தேட வேண்டும். அந்தக் காலப் பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், ‘கிழக்கே சமுத்திரம்’ என்று இருக்கிறதா, ‘வழிநடைப் பாத்தியம்’ என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி தனியார் நிலத்தில் 20 ஆண்டு தடையின்றி உரிமையோடு நடந்த வழிக்குப் பாத்தியம் கோரலாம். அரசு நிலமென்றால் 30 ஆண்டு. ஊர் வழக்கத்தால் வரும் உரிமையையும் அதே சட்டம் தனியாக ஒத்துக்கொள்கிறது. மீனவ ஊர்களுக்குப் பொருந்துவது பெரும்பாலும் இதுதான்.

‘புறம்போக்கு’ என்ற சொல்லையும் பேச வேண்டும். வரிக் கணக்குக்குப் புறம்பான நிலம் என்ற பொருளில் இருந்த நல்ல சொல், காலப்போக்கில் வசைச் சொல் ஆகிவிட்டது. தமிழ்நாட்டின் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், உயர் ஓத மட்டத்துக்குக் கீழே உள்ள கடல் படுகையை அரசின் சொத்து என்கிறது. அரசு சொத்து என்றால் அரசு நினைத்தபடி செய்யலாம் என்று பொருளல்ல. உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் கடற்கரையை, மக்களுக்காக அரசு பொறுப்பேற்று வைத்திருக்கும் வளம் என்று சொல்லியிருக்கிறது. 1996 இறால் பண்ணை வழக்கில், பண்ணை வேலிகளால் மீனவர்கள் கடலுக்குப் போகும் வழி அடைபட்ட கதை நீதிமன்றத்தின் முன் வந்தது. சுனாமிக்குப் பின் வந்த 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை 172-ஐயும் மறக்கக்கூடாது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் இடத்தை விட்டால்தான் புது வீடு, விட்ட இடம் தடையாணைப் புத்தகத்தில், அதாவது யாருக்கும் ஒதுக்கக்கூடாத அரசு நிலங்களின் பதிவேட்டில், ஏற்றப்பட்டுப் பொது நோக்கத்துக்கு வைக்கப்படும் என்றது அது. சீனிவாசபுரத்திலிருந்து செம்மஞ்சேரிக்குப் போன குடும்பங்கள் இருக்கின்றன. அங்கிருந்து விடியற்காலையில் படகடிக்கு வர எந்தப் பேருந்து? கரையோரத்தில் யாரோ விட்டுக்கொடுத்த இடம் இன்று தடையாணைப் புத்தகத்தில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

சரி, குப்பத்துக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து தங்கள் வரைபடத்தைத் தாங்களே எப்படிப் போடுவது? இடத்தைச் சுற்றி வருவதிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் விடியற்காலை நாலரை மணியிலிருந்து ஒன்பது மணிக்குள். ஊர் பஞ்சாயத்தில் வயதானவர் ஒருவர், வலைக்காரர் ஒருவர், மீன் விற்கும் அம்மா ஒருவர், எழுதத் தெரிந்த இளையவர் ஒருவர். நால்வரில் மீன் விற்கும் அம்மாவை விட்டுவிட்டால் கருவாடு காயவைக்கும் இடமும், மீன்பாடி வண்டி நிற்கும் இடமும், தண்ணீர்க் குழாயும் தாளில் வராது. பல ஊர்களில் ஆண்கள் மட்டும் போட்ட வரைபடத்தில் படகு இருக்கும், மீன் வியாபாரம் இருக்காது.

கைப்பேசியில் எடுக்கும் இடப்புள்ளி ஐந்து, பத்து மீட்டர் பிசகும். பன்னிரண்டடிச் சந்தை அதை நம்பிக் குறித்தால் பக்கத்து வீட்டுக்குள் போய் விழும். அதனால் ஒவ்வொரு சந்தின் தொடக்கத்தையும் முடிவையும் அசையாத ஏதாவதொன்றிலிருந்து டேப் வைத்து அளந்து எழுத வேண்டும்: கோயில் மூலை, நில அளவைக் கல், எண் போட்ட மின்கம்பம். அகலத்தை மூன்று இடத்தில் அளந்து ஆகக் குறைந்ததையும் எழுதுங்கள், ஏனென்றால் மீன்பாடி வண்டியும், சில குப்பங்களில் படகிழுக்கும் டிராக்டரும் போக முடியுமா என்பதை அந்த ஒடுக்கமான இடம்தான் தீர்மானிக்கும். இதே நடையை மாசியில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை செய்து மூன்றையும் ஒரே தாளில் மூன்று நிறத்தில் போட்டால், மேலே சொன்ன பங்குனிக் கணக்கு யாரையும் ஏமாற்றாது.

பிறகு நிலப் பதிவேடு. சென்னை மாநகருக்குள் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், அதற்கு வெளியே உள்ள ஊர்களில் ‘அ’ பதிவேடும் புலப்படமும். அரசின் இணைய சேவையில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு, பழைய வரைபடத்துக்கு மனுப் போடலாம். தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள். இந்த மனுவில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘ஏன் எங்கள் வழியை அடைத்தீர்கள்?’ என்று எழுதினால் ‘இது தகவல் வரையறைக்குள் வராது’ என்று ஒற்றை வரியில் பதில் வரும். ‘இன்ன நில அளவை எண்ணுக்கான பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்’, ‘இன்ன சாலைக்குப் பெறப்பட்ட கடலோர மண்டல அனுமதி ஆணையின் நகல்’ என்று காகிதத்தைக் கேளுங்கள். அனுமதியே இல்லை என்றால் ‘அப்படி ஆவணம் இல்லை’ என்று எழுத்தில் வரும், அதைவிட நல்ல ஆவணம் வேறு கிடையாது.

போட்ட தாளை ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் கையெழுத்து வாங்கி, ஊராட்சியாக இருந்தால் கிராம சபைத் தீர்மானமாகவும், மாநகராட்சியாக இருந்தால் பகுதி சபாவிலும் வைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். ஒப்புகை இல்லாத மனு கடலில் கரைத்த பெருங்காயம். கட்டுமானம் தொடங்கிவிட்டால் நாள் கணக்கு முக்கியம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போக, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாள். வழங்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள்தான், கூடுதலாக அதிகபட்சம் 60. ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று நாலைந்து மாதம் இழுக்கப்பட்ட வழக்குகளில் கடைசியில் காலம் கடந்துவிட்டது என்ற ஒரே வாதம் போதுமானதாகிவிடுகிறது.

இவ்வளவு சொன்னதால் கடற்கரைக்கு வேறு யாரும் வரக்கூடாது என்று நாங்கள் சொல்வதாக நினைக்க வேண்டாம். காலார நடக்க வருபவர், குழந்தையைக் கூட்டி வருபவர், சக்கர நாற்காலியில் வருபவர் எல்லாருக்கும் அந்த மணல் சொந்தம். மாற்றுத் திறனாளிகளுக்காக மெரினாவில் 2022 நவம்பர் இறுதியில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தது நல்ல செயல். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் கடல் முனையைச் சேதப்படுத்தியது. பாதை போட்டதில் தவறில்லை. கடைசிப் பகுதியைக் கழற்றி எடுக்கும்படி துண்டு துண்டாக அமைத்து, ஐப்பசிக்கு முன் கழற்றி, தை பிறந்ததும் மாட்டியிருந்தால் ஒவ்வொரு புயலுக்கும் பழுது பார்க்க வேண்டாம். பலகை மேல் மணல் ஏறுவது இன்னொரு தொல்லை. தினமும் காலையில் தள்ளாவிட்டால் சக்கரம் புதையும், பாதை இருந்தும் பயனில்லை. பாதைக்கு ஒதுக்கும் பணத்தில் துடைப்பக்காரருக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். படகை எங்கே ஏற்றுவது, எந்த மாதம் எவ்வளவு தூரம் பின்வாங்குவது என்ற அறிவு பக்கத்துக் குப்பத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மரப்பாதைக்கும் அதே அறிவுதான் வேண்டும்.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள், பெரிய செலவில்லாதது. மாநகராட்சியின் சாலைப் பதிவேட்டில் குப்பத்துச் சந்துகளைத் தனித்தனி எண், நீளம், அகலத்தோடு ஏற்றுங்கள். பதிவேட்டில் ஏறிய சந்துக்கு விளக்கு வரும், குப்பை எடுக்க ஆள் வருவார், பெயர்ப் பலகை வரும். அடுத்த திட்டத்துக்கு வரைபடம் போட வரும் ஆலோசகர் பதிவேட்டைப் புரட்டினால் அது அவர் கண்ணில் படும். பலகை வைக்கும்போது சந்தின் பெயரை அங்கே இருப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள், அவர்கள் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அம்புக்குறி போட்டு ‘கடலுக்கு வழி’ என்று ஒரு வரியும், மணல் தொடங்கும் இடம் வரை எத்தனை மீட்டர் என்ற எண்ணும் சேர்த்துவிடுங்கள். எண் எழுதிய பலகைக்குக் குறுக்கே கேட் போடுவது கொஞ்சம் கடினம்.

இப்படிக்கு,
கடலோர நில ஆவணங்களைக் கவனித்துவரும் வாசகர்கள் சிலர்,
சென்னை